பாய் போர்த்திய அருவி

ஏப்ரல் முதல் வாரத்தில் பனி உருகி இறங்க இறங்க, செகினே வீட்டுத் தோட்டத்தில் வைக்கோல் பாய் சுற்றிய ஏதோ ஒன்று வெளியே வந்தது. முதல் நாள் ஒரு விளிம்பு. இரண்டாம் நாள் முதுகு போல ஒரு மேடு. மூன்றாம் நாள் மதியம் முழுவதும் தெரிந்தது. இரண்டு மீட்டர் நாற்பது நீளம், கருங்கயிற்றால் ஏழு இடத்தில் கட்டு. படுத்திருக்கும் யார் மேலோ போர்த்திவிட்டுப் போனது போல இருந்தது.

மினேகோ கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்று பார்த்தாள். ஐம்பது வயது. மலைச்சரிவுகள் சரியாமல் தடுக்கும் கட்டுமானங்களை வடிவமைக்கிற பொறியாளர். அவளுக்குப் பின்னால், வெள்ளைத் துணி சுற்றிய பெட்டியில் அப்பாவின் எலும்புகள் இருந்தன. இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் அவற்றைக் கல்லறையில் வைக்க வேண்டும். இன்னும் நான்கு நாள் இருந்தது.

பாய்க்கு அடியில் இருப்பது என்ன என்று அவளுக்குத் தெரியும். அருவி. தண்ணீர் இல்லாத அருவி. கல்லை மட்டும் அடுக்கி, மலையிலிருந்து ஓடை இறங்குவது போலச் செய்தது. ஆனால் கல்லுக்கு யாரும் பாய் கட்டுவதில்லை. குளிர்காலத்தில் பைன் மரத்தின் அடியில் கட்டுவார்கள். பியோனிச் செடிக்கு வைக்கோல் குடை கவிழ்ப்பார்கள். கல்லுக்கு என்ன குளிர்?

ஆஸ்பத்திரியில் அப்பா டாக்டரிடம் சொன்னது இவ்வளவுதான்: ஜனவரி இருபத்து மூன்றாம் தேதி மழையில் நனைந்தேன். எவ்வளவு நேரம் என்று டாக்டர் கேட்டார். ஒரு மதியம் என்றார். எண்பத்தொரு வயதில், ஜனவரி மழையில், ஒரு மதியம் முழுக்க வெளியே என்ன வேலை என்று மினேகோ கேட்டாள். அதற்கு அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நிமோனியா. பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்த மதியம் அவளை விடவில்லை. வேலையில் ஒரு சரிவு விழுந்தால் காரணம் கண்டுபிடிக்காமல் அவள் ஃபைலை மூடியதில்லை. இப்போது அப்பா அந்த மதியம் என்ன செய்தார் என்பதை ஊகிக்க முடிந்தது: இந்தப் பாயைக் கட்டியிருப்பார். ஏன் என்பதுதான் தெரியவில்லை.

*

செகினே இசாவோ முப்பத்து நான்கு வருடம் தண்டவாளத்தின் மேல் நடந்தவர். கிளை ரயில் பாதையில் தினமும் பதினொரு கிலோமீட்டர். நீளக் காம்புச் சுத்தியலால் திருகாணிகளைத் தட்டிக்கொண்டு போவார். சத்தத்தை வைத்தே எது தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். மழை வலுத்தால் ஊரில் எல்லோரும் வீட்டுக்குள் போவார்கள், அவர் வெளியே கிளம்புவார். பாதை நெடுகிலும் ஒன்பது ஓடைகள். ஒவ்வொரு பாலத்திலும் நின்று தண்ணீரைப் பார்ப்பார். தண்ணீர் ஏறினால் குறித்துக்கொள்வார். இறங்கினால் ஓடுவார்.

மூன்று தடவை வண்டியை நிறுத்தியிருக்கிறார். இரண்டு தடவை கொஞ்ச நேரத்திலேயே மண்ணும் மரமும் கல்லுமாகப் பாதையில் வந்து விழுந்தது. ஒரு தடவை ஒன்றும் விழவில்லை. நாற்பது பேர் பள்ளத்தாக்கில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கதையை அப்பாவின் இறுதிச் சடங்கன்று பழைய சிக்னல்காரர் கன்னோ சொன்னார். கையில் சாக்கே மதுக் கோப்பை, கண்ணில் ஈரம்.

"ஸ்டேஷன் மாஸ்டர் குதிச்சாரு. 'ஏய்யா செகினே, தண்ணி ஏறினா வண்டிய நிறுத்து, ஒத்துக்கறேன். தண்ணி குறைஞ்சதுக்கா நிறுத்துவே? உனக்கு மூளை ஏதாவது குறைஞ்சிருக்கா?'ன்னு. இவன் தொப்பியக் கழட்டிட்டு நின்னான். 'நாளைக்கும் குறைஞ்சா நாளைக்கும் நிறுத்துவேன்'னான். அதுலேருந்து நாங்க அவன ஓடைக்காவலன்னுதான் கூப்பிடுவோம். மழை நின்னா ஊர் தூங்கும், ஓடை நின்னா செகினே தூங்க மாட்டான்னு கிண்டல் பண்ணுவோம். கோவிச்சுக்கவே மாட்டான் உங்கப்பா."

மினேகோவுக்கு இந்தக் கதை புதிது. வீட்டில் அவர் வேலையைப் பற்றிப் பேசியதில்லை. அவள் வேலையைப் பற்றியும் கேட்டதில்லை. மகள் தன் வழியில் வந்துவிட்டாள் என்று ஊர் பெருமையாகச் சொல்லும்போது தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரே ஒரு தடவை நகர மன்றத்தில் அவள் நடத்திய பயிற்சி வகுப்புக்கு வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மழைக்காலத்தில் எப்போது வீட்டை விட்டு ஓட வேண்டும் என்பது வகுப்பு. பதினான்காவது படம் வந்தபோது எழுந்து போனார். கழிப்பறைக்கு என்று நினைத்து அவள் மேலே பேசினாள். வகுப்பு முடிந்து பார்த்தால் ஆள் இல்லை. நடந்தே வீட்டுக்குப் போயிருந்தார்.

அவர் முதல் மனைவி பெயர் செட்சு. மினேகோ பிறப்பதற்கு ஐந்து வருடம் முன், உசுகுரா என்ற மலை ஊரில் மண்சரிவு வந்து பதினேழு பேர் போனார்கள். செட்சு அதில் ஒருத்தி. அது ரகசியமில்லை. வீட்டுப் பூஜை அலமாரியில் செட்சுவின் பெயர்ப்பலகை எப்போதும் இருந்தது. மினேகோவின் அம்மா தினமும் காலையில் அதன் முன்னால் சோறு வைத்து, "செட்சு அக்கா, சூடா இருக்கு, பாத்துச் சாப்பிடுங்க" என்பாள். செட்சு வேறு ஊரில் வாழ்ந்துகொண்டிருக்கும் பெரியம்மா மாதிரிதான் மினேகோவுக்கு இருந்தாள். எப்படிப் போனாள் என்று கேட்கத் தோன்றவில்லை. மண்சரிவில் போனாள், அவ்வளவுதான். அம்மாவும் போய் எட்டு வருடம் ஆகிறது.

*

அகுட்சு தோயோ அன்று பிற்பகல் வந்தாள். குளிர்காலத்தில் பனிச்சுமை தாங்க மரங்களுக்குக் கூடாரம் போலக் கட்டிய கயிறுகளை அவிழ்க்கும் பருவம் அது. அறுபத்து மூன்று வயது. கால்விரல் பிரிந்த துணிக் காலணி, கழுத்தில் துண்டு. இந்தத் தோட்டத்தைப் போட்டவர் அவள் மாமனார். மாமனாரும் புருஷனும் போன பிறகு கத்தரியும் ஏணியும் அவளுடையவை.

"மினேகோசான், எலும்புப் பெட்டிக்கு ஊதுபத்தி வெச்சிட்டுத்தான் ஏணியில ஏறுவேன். உங்கப்பா கிட்ட சொல்லாம அவர் மரத்தத் தொட்டா கால் வழுக்கும்."

உள்ளே வந்து ஊதுபத்தி ஏற்றினாள். மணியை ஒரு தடவை தட்டினாள். கும்பிட்டு எழுந்தவள், கண்ணாடி வழியே பாயைப் பார்த்ததும் சட்டென்று திரும்பித் தன் கையுறையைத் தேடினாள். கையுறை அவள் இடுப்பில்தான் இருந்தது.

மினேகோ கவனித்தாள். "அகுட்சுசான், அந்தப் பாயக் கட்டினது நீங்களா?"

"நானா? கல்லுக்குப் பாய் கட்டினா என் தொழில் என்ன ஆகறது. ஊரே சிரிக்காது?"

"முடிச்சு உங்க முடிச்சு மாதிரி இருக்கே."

"நாப்பது வருஷம் வராந்தாவுல உட்கார்ந்து நான் முடிச்சுப் போடறதப் பாத்தவரு. குரங்கு கூடக் கத்துக்கும்." சொல்லிவிட்டு எலும்புப் பெட்டியைப் பார்த்துத் தலையைக் குனிந்தாள். "மன்னிச்சுக்குங்க, செகினேசான். வாய் அப்படி."

"ஏன் கட்டினார்?"

"குளிருன்னு நினைச்சாரோ என்னவோ. வயசானா அப்படித்தான். எங்க மாமனார் கடைசியில சைக்கிளுக்குப் போர்வை போத்துவாரு."

"அப்பாவுக்குக் கடைசி நாள் வரைக்கும் புத்தி தெளிவா இருந்தது."

"அது சரிதான்" என்றாள் தோயோ. ஏணியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தின் மறுகோடிக்குப் போனாள். அங்கே அவிழ்க்க வேண்டிய கயிறு ஒன்றும் இல்லை.

*

மறுநாள் காலை மினேகோ அப்பாவின் வானிலை நோட்டை எடுத்தாள். ரயில்வே பழக்கம். ஒரு நாளுக்கு ஒரு வரி, பென்சிலில். ஜனவரி இருபத்து மூன்றைத் தேடியவள், பின்னோக்கிப் போய் நவம்பரில் நின்றாள்.

நவம்பர் 17. மேகம். மினேகோ வந்தாள். பைன் கீழ்க்கிளை எடுத்தாச்சு.

நவம்பர் 18. வெயில். தெரிகிறது.

நவம்பர் 19. வெயில். தெரிகிறது.

நவம்பர் 20. மழை. அடுக்களையில் உட்கார்ந்தேன்.

அதன் பிறகு வெயிலென்றால் 'தெரிகிறது', மழையென்றால் 'அடுக்களை'. வேறு சொல் இல்லை.

டிசம்பர் 9. பனி. மூடியது. தூங்கினேன்.

ஜனவரி 22. மழை. பனி கரைகிறது.

ஜனவரி 23. மழை. கல் மேல் பெய்கிறது. பாய் ஆறு, கயிறு ஒரு சுருள்.

அத்தோடு பக்கம் முடிந்தது. அவள் அதைத் திருப்பவில்லை.

நவம்பர் பதினேழு நன்றாக நினைவிருந்தது. தோட்டத்துப் பைன் மரத்தில் தாழ்ந்த கிளை ஒன்று, நாலு மீட்டர் நீளம், அருவிக்கு முன்னால் குறுக்கே நீண்டு வராந்தா வரைக்கும் வந்திருந்தது. கிளை பிறக்கும் இடத்தில் அவள் ஒரு விரிசலைப் பார்த்தாள். இரண்டு விரல் நுழையும். அந்த வருடம் பனி அதிகம் என்று முன்னறிவிப்பு. கிளையின் எடை, அதன் மேல் பனியின் எடை, விரிசலின் ஆழம், கீழே அப்பா உட்காரும் மெத்தை எல்லாவற்றையும் மனசுக்குள் கூட்டினாள். கயிறு தாங்காது. தோட்டக்காரி வர ஒரு வாரம் ஆகும். அவள் விடுமுறை இரண்டு நாள்தான்.

ரம்பத்தை அவளே எடுத்தாள். அடிப்பக்கம் ஒரு வெட்டு, மேல்பக்கம் ஒரு வெட்டு, கடைசியில் கணுவை ஒட்டி ஒன்று. பட்டை கிழியாத சுத்தமான வெட்டு. அப்பா பக்கத்தில் நின்றார். வேண்டாம் என்று சொல்லவில்லை. கிளை விழுந்ததும் கண்ணை மூடித் திறந்தார். "சிரமம் குடுத்துட்டேன்" என்றார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவளுக்குப் பிடித்த மிசோ கத்தரிக்காய் செய்து கொடுத்தார்.

மினேகோ நோட்டுடன் எழுந்து, தோயோவை அழைக்கத் தெருவுக்குப் போனாள். தோயோ பக்கத்து வீட்டு வேலியை வெட்டிக்கொண்டிருந்தாள். கையில் நோட்டுடன் மினேகோ நின்ற நிற்பைப் பார்த்ததும் கத்தரியை உறையில் போட்டுவிட்டுக் கூட வந்தாள்.

"கிளைதான், இல்லையா?" என்றாள் மினேகோ.

தோயோ வராந்தா விளிம்பில் உட்கார்ந்தாள். துண்டால் முகத்தைத் துடைத்தாள். துடைக்க ஒன்றும் இல்லை.

"வாயத் திறக்காதேன்னு சொன்னாரு. கயிறு கட்ட வந்தேன், நவம்பர் கடைசியில. கிளையக் காணோம். 'எந்தக் கழுத வெட்டிச்சு'ன்னு கத்திட்டேன். 'எம் பொண்ணு. என் பத்திரத்துக்காக வெட்டினா. நல்லா வெட்டியிருக்கா, பாரு'ன்னாரு. மூங்கில் திரை ஒண்ணு கட்டித் தரேன்னேன். 'திரை கட்டினா, புது வருஷத்துக்கு வரப்போ எதுக்குன்னு கேப்பா, விடு'ன்னுட்டாரு."

"எதுக்கு அந்தக் கிளை?"

"அருவிய மறைக்க."

"அருவி கட்டறதே பாக்கறதுக்குத்தானே."

"மத்தவங்க வீட்டுல கொஞ்சம் மறைப்பாங்க. முழுசாத் தெரிஞ்சா ஆழம் இருக்காதுன்னு ஒரு இலை, ஒரு கொம்பு. உங்க வீட்டுல அப்படியில்ல. உங்கப்பா உட்கார்ற இடத்திலேருந்து ஒரு கல்லுகூடத் தெரியக் கூடாது. அதுக்காக அந்த மரத்த மூணு தடவ தோண்டி நகத்தினோம். கிளைய நீட்டிப் பழக்க ஆறு வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் அவரு அந்த அறைக்கே வரல."

மினேகோவுக்குத் தோட்டம் போட்ட நாள் லேசாக நினைவிருந்தது. ஒன்பது வயது. கிரேன், சேறு, கல் தொங்கிய சங்கிலி. அம்மா அரிசி உருண்டைகள் செய்தாள். அந்த அறையில் அப்பாவின் மெத்தையில் அம்மா ஒருநாளும் உட்கார்ந்து பார்த்ததில்லை.

"நான் அப்போ மருமகளா வந்து ஒரு வருஷம்" என்றாள் தோயோ. "கயிறு பிடிக்கற வேலை எனக்கு. மாமனாருக்கும் உங்கப்பாவுக்கும் முதல் நாளே சண்டை. அருவின்னா உச்சியில ஒரு கல்லு நிமிர்ந்து நிக்கணும், தண்ணி அதுலேருந்து விழற மாதிரி. உங்கப்பா அத நிக்க வைக்காதே, குறுக்கப் படுக்க வைன்னாரு. 'படுக்க வெச்சா அடைச்சுக்குமே, தண்ணி எங்கேருந்து வரும்?'னு மாமனார் கேக்கறாரு. 'வராது'ன்னாரு உங்கப்பா. 'பின்னாடி வாய்க்கால் ஓடுது, குழாய் போட்டு நிஜத் தண்ணியே விடறேன்.' 'வேணாம்.' மாமனார் அளவுகோலக் கீழ போட்டுட்டாரு. 'நாலு தலைமுறையா கல்லு வைக்கறோம், இப்படி ஒரு அருவி மலையிலயே கிடையாது. காரணத்தச் சொல்லு, இல்லேன்னா வேற ஆளப் பாரு'ன்னாரு."

"சொன்னாரா?"

"நின்ன இடத்துலயே சொன்னாரு. ஒரே தடவ."

தோயோ பாயைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"உசுகுராவுல மூணு நாள் மழை. ஓடைக்கு இந்தக் கரையில பள்ளிக்கூடம். உங்கப்பா எல்லாரையும் அங்க கூட்டிட்டு வந்துட்டாரு. செட்சுசான் மட்டும் அந்தக் கரையில நின்னுட்டாங்க, மாட்ட அவுத்து விடப் போனவங்க. அதுக்குள்ள வெள்ளம் ஏறிடுச்சு. ரெண்டு பேரும் கரைக்குக் கரை நின்னு பாத்துட்டு இருந்தாங்களாம். பேச்சுக் கேக்காது, அவ்வளவு சத்தம். திடீர்னு சத்தம் நின்னுது. தண்ணி வத்திடுச்சு. மழை கொட்டுது, ஓடையில கல்லு கல்லாத் தெரியுது. இவருக்குச் சந்தோஷம். கையத் தட்டிக் கூப்பிட்டாரு. 'தண்ணி குறைஞ்சிடுச்சு, வா, சீக்கிரம் வா'ன்னு."

மினேகோவின் வகுப்பில் பதினான்காவது படம் அதுதான். மழை நிற்காமல் ஓடை வற்றினால், மேலே எங்கோ அடைத்திருக்கிறது. ஓடைக்குள் இறங்காதீர்கள், மேட்டுக்கு ஓடுங்கள். முந்நூறு ஊரில் சொல்லியிருக்கிறாள்.

"நடுவுல ஒரு தட்டைக் கல்லு. அது வரைக்கும் வந்தாங்களாம். பாவாடையத் தூக்கிப் பிடிச்சுட்டு, இவரப் பாத்துச் சிரிச்சாங்களாம்." தோயோ நிறுத்தினாள். "அந்தத் தட்டைக் கல்லையும் வைக்கச் சொன்னாரு. மாமனார் மறுபேச்சுப் பேசாம வெச்சாரு."

மினேகோவுக்கு ஆஸ்பத்திரியின் கடைசி வாரம் நினைவுக்கு வந்தது. ஒரு மாலை அப்பா கண்ணைத் திறந்து, "தண்ணி குறைஞ்சுதா?" என்றார். அவள் சலைன் பையைப் பார்த்தாள். "பாதி குறைஞ்சிடுச்சு, அப்பா" என்றாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அவ்வளவு பலம் அவரிடம் மிச்சம் இருந்தது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. நர்ஸ் வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"ஏன் இதக் கட்டணும்?" என்றாள். "இவ்வளவு பயந்தவர் வீட்டுக்குள்ளயே ஏன் கொண்டுவந்து வைக்கணும்?"

"மாமனாரும் கேட்டாரு. 'எங்க பாத்தாலும் அது இருக்கு, ஒவ்வொரு மழைக்கும் வேற வேற பக்கத்திலேருந்து வருது. ஒரு இடத்துல இருந்துட்டா மத்த இடத்துல நான் நடமாடலாம்'னாரு. 'ஆனா அத நான் பாக்க மாட்டேன். அவ இங்க இருக்கான்னு தெரிஞ்சா போதும்'னாரு."

மினேகோ நோட்டின் பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த பக்கத்தில் ஒரு வரிதான் இருந்தது. எழுத்து சாய்ந்திருந்தது.

ஜனவரி 24. காய்ச்சல். பாயை ஹிகானுக்கு முன்னால் எடுக்கணும். மினேகோ வருவாள்.

ஹிகான், மார்ச்சில் கல்லறைகளைக் கழுவி மலர் வைக்கும் வாரம். அந்த வாரம் அவள் இங்கே தனியாகத்தான் வந்தாள். பாய் அப்போது பனிக்கு அடியில் இருந்தது.

"என்னாலதான்" என்றாள்.

"தேநீர் இருந்தா குடுங்க" என்றாள் தோயோ. மினேகோ உள்ளே போனாள். கெண்டி கொதித்து வற்றுகிற வரைக்கும் அடுப்புக்கு முன்னால் நின்றாள்.

*

அடுத்த நாள் இரண்டு பேருமாகப் பாயை அவிழ்த்தார்கள். தோயோ கத்தரியை நீட்டினாள். மினேகோ வாங்கவில்லை. ஏழு முடிச்சையும் விரலாலேயே அவிழ்த்தாள். ஈரத்தில் ஊறி இறுகியிருந்தது. நாலாவது முடிச்சில் நகம் பெயர்ந்தது.

பாய் போனதும் கற்கள் கறுப்பாக, நனைந்து நின்றன. உச்சியில் குறுக்கே கிடந்த கல். அதன் கீழே மூன்று படி. சரிவு பதினேழு டிகிரி இருக்கும் என்று அவள் கண் தானாகவே அளந்தது. அதுதான் உசுகுரா ஓடையின் சரிவு, அவள் அலுவலக வரைபடத்தில் இருக்கிறது. நடுவில் தட்டைக் கல். ஒரு பெண் இரண்டு காலையும் சேர்த்து நிற்கலாம், அவ்வளவு இடம்.

மினேகோ உள்ளே போய், எலும்புப் பெட்டிக்குப் பக்கத்தில் அப்பாவின் மெத்தையைப் போட்டு உட்கார்ந்தாள். தூறல் ஆரம்பித்தது. கல் மேல் பெய்தது. ஓடையில் தண்ணீர் இல்லை. ஏதோ ஒன்று மேலே சேர்ந்துகொண்டிருப்பது போலவே இருந்தது. எழுந்து போகத் தோன்றியது. அவள் போகவில்லை. செட்சுவை அவளால் பார்க்க முடிந்தது. ஒரு மணி நேரம் பார்த்தாள். சிரிக்கும் முகம் எப்படி இருந்திருக்கும் என்றுகூட நினைத்துப் பார்த்தாள்.

பார்க்க முடியாதது அதற்கு மேலே இருந்தது. பைன் மரத்தின் தண்டில், அவள் தோள் உயரத்தில், வட்டமான வெட்டு. பதினெட்டு சென்டிமீட்டர் விட்டம். குளிரெல்லாம் தாண்டியும் வெளிறியே இருந்தது. விளிம்பில் பிசின் மணி மணியாகத் திரண்டிருந்தது. கண் எங்கே போனாலும் அங்கேயே திரும்பி வந்தது.

வெளியே தோயோ பாய்களைச் சுருட்டி ஈரத்தை உதறிக்கொண்டிருந்தாள்.

"அகுட்சுசான்."

"சொல்லுங்க."

"இங்க ஒரு மரம் வைக்கணும்."

தோயோ வராந்தா பக்கம் வந்தாள். குரல் இறங்கியிருந்தது. "அவரு போயிட்டாரு, மினேகோசான். இனிமே யாருக்கு மறைக்கணும்?"

"எனக்கு. வீட்டக் குடுக்கப் போறதில்ல. சனி ஞாயிறு வருவேன். இங்கதான் உட்காருவேன்."

"அருவியையா?"

"அருவி இருக்கட்டும். அது தெரியட்டும்." அவள் கையை நீட்டிக் காட்டினாள். "அத."

தோயோ திரும்பி, அவள் விரல் காட்டிய திசையில் பார்த்தாள். வெட்டைப் பார்த்தாள். பிறகு மெத்தையின் உயரத்துக்குக் குனிந்து, ஒரு கண்ணை மூடி, மினேகோவின் கண்ணிலிருந்து தண்டு வரைக்கும் கையால் ஒரு கோடு இழுத்தாள். முதல் முறை வருகிற வீட்டுக்காரரிடம் கேட்பது போலக் கேட்டாள்.

"எப்பவும் இப்படித்தான் உட்காருவீங்களா, இல்ல சுவர்ல சாஞ்சுக்குவீங்களா?"

"சாய மாட்டேன்."

"கண்ணாடி போட்டா, போடாமயா?"

"போட்டு."

"அப்போ பெரிய மரம் வேணும்" என்றாள் தோயோ. பாய்ச் சுருளைக் கீழே வைத்துவிட்டு, மூங்கில் கழி ஒன்றை எடுத்துக்கொண்டு தூறலில் இறங்கி நடந்தாள். தண்டுக்கு இரண்டடி முன்னால் கழியை ஊன்றினாள். "இங்க?"

"தெரியுது."

ஒரு சாண் நகர்த்தினாள். "இப்போ?"

மினேகோ முதுகை நிமிர்த்தி, அசையாமல் இருந்தாள்.

"இன்னும் தெரியுது" என்றாள்.